கற்பனையில் வழுவிய கணவன்

இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலே நியூயோர்க் மாநகரின் வசதி படைத்த நடுத்தரக் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் நிலவி வந்தது. யூன் மாதம் கழிந்து யூலை பிறக்கும்போது, கல்லாலும் உருக்காலும் எழுந்த அந்நகர் செங்கற் சூளைபோலக் காயத் தொடங்கும். குளிரூட்டும் கருவிகள் அந்நாளில் எல்லா வீடுகளையும் எட்டியிருக்கவில்லை. ஆதலின், மனைவியரையும் மக்களையும் கடற்கரைக்கோ மலைப்புறத்துக்கோ அனுப்பிவிட்டு, ஆடவர் மட்டும் தத்தம் அலுவலகங்களைக் காத்துக்கொண்டு நகரிலே தங்கியிருப்பர். கோடை முடியுமளவும் அவர்களுக்குக் கடைச் சாப்பாடு, வெறும் வீடு, நெடிய இரவு ஆகிய இவையே துணையாகும். இத்தகைய கணவன் ஒருவனின் உள்ளத்திலே நிகழக்கூடிய கூத்து யாது என்னும் வினாவிலிருந்தே, அமெரிக்க அரங்க வரலாற்றிலும் திரைப்பட வரலாற்றிலும் பேர்பெற்ற ஓர் இன்பியல் நாடகம் பிறந்தது.

அந்நாடகத்தை ஆக்கியவர் ஜோர்ஜ் அக்செல்ரொட் என்பவர். 1922ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் பிறந்த அவர், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதிப் பழகியவர். 'செவன் இயர் இச்' என அவர் தம் நாடகத்துக்கிட்ட பெயர், தமிழிற் கூறுவதாயின், 'ஏழாண்டுச் சொறி' என்றாகும். தொட்டால் எளிதிற் போகாத ஒருவகைச் சிரங்கு நோய்க்கு அமெரிக்க நாட்டுப்புற மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழங்கிய பெயர் அது. மணமாகி ஏழாண்டுகள் கழிந்தபின் ஆடவர் மனத்திலே தோன்றும் அமைதியின்மைக்கு அந்நோயின் பெயரைச் சூட்டி நகைத்தார் நாடகாசிரியர். நகைச்சுவைக்காக அவர் செய்த அப்பெயர்மாற்றம் மொழியிலே நிலைத்துவிட்டது. இன்று அத்தொடரைக் கேட்கும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சிரங்கை நினைப்பதில்லை; இல்லறத்தையே நினைக்கின்றனர்.

நாடகத்தின் தலைமகன் ரிச்சர்ட் ஷேர்மன். மலிவு விலைப் புத்தகங்களை வெளியிடும் பதிப்பகம் ஒன்றிலே அலுவல் பார்ப்பவன். மனைவியும் மகனும் கோடைக்கு வெளியூர் சென்றுவிட, அவன் தனித்திருக்கிறான். மேல்மாடியிலே ஓர் இளம்பெண் குடிவருகிறாள். ஷேர்மன் தீயவன் அல்லன், துணிந்தவனும் அல்லன். அவனிடமுள்ள பெருங்குறை, அடங்காத கற்பனை ஒன்றே. ஒரு கணத்திலே தான் பெண்டிர் பலரையும் மயக்கவல்ல பேரழகன் எனக் கனாக் காண்பான். மறுகணம் தன் மனைவி அயலான் ஒருவனோடு வைக்கோல் வண்டியிலே உலாப் போவதாகக் கண்டு துடிப்பான். அந்த அயலான் ஓர் எழுத்தாளன் என்பது, புத்தகத் தொழிலிலே காலந் தள்ளும் ஷேர்மனின் பொறாமைக்கு மேலும் நெய் வார்க்கிறது.

அகத்திலே நிகழ்வதைப் புறத்திலே காட்டுவது மேடைக்கு எளிதான செயலன்று. அக்செல்ரொட் இதற்கு ஒரு வழி கண்டார். தலைமகனின் மனத்தின் குரலைத் தனியே ஒலிக்கச் செய்தார். உருவமில்லாக் குரலைக் கொண்டே ஓர் உலகைப் படைத்துக் காட்டும் கலை வானொலிக் கலை. அதிலே பழகிய ஒருவர்க்கு இவ்வுத்தி தோன்றியதில் வியப்பில்லை.

1952ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி, புரோட்வேயைச் சார்ந்த புல்ரன் அரங்கிலே நாடகம் அரங்கேறிற்று. ரொம் ஈவெல் என்னும் நடிகர் ஷேர்மனாகத் தோன்றினார். கவர்ச்சியற்ற முகமும் தயங்கிய பேச்சும் கொண்ட அவரைக் கண்ட கணவன்மார் ஒவ்வொருவரும் தம்மையே கண்டனர் போலும்! 1953ஆம் ஆண்டில் அவருக்கு ரோனி விருது கிடைத்தது. நாடகம் 1,141 முறை மேடையேறி, 1955ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே ஓய்ந்தது.

ஈண்டு ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மேடை நாடகத்திலே ஷேர்மன் கற்பனையோடு நிற்கவில்லை. ஓரிரவு வழுவியே விடுகிறான். அதன்பின் அவனை வாட்டும் குற்றவுணர்ச்சியே நாடகத்தின் பிற்பகுதி. செய்த பிழைக்கும் அதனால் விளைந்த அச்சத்துக்கும் இடையே அகப்பட்டு அவன் படும்பாட்டைக் கண்டுதான் அவையினர் நகைத்தனர். இக்கதை திரைக்குச் செல்லும்போது நேர்ந்ததோ வேறு.

ஹொலிவூட் நகரை அந்நாளில் ஆண்டது ஓர் ஒழுக்க விதிநூல். முன்னர் அமெரிக்க அஞ்சல் துறையின் தலைவராயிருந்து, 1922ஆம் ஆண்டு முதலாகப் படத் தயாரிப்பாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய வில் ஹேய்ஸ் என்பவரின் பெயரால் அது வழங்கப்பட்டது. மார்ட்டின் குவிக்லி என்னும் பத்திரிகை வெளியீட்டாளரும், டானியல் லோர்ட் என்னும் இயேசு சபைத் துறவியும் அதனை வரைந்தனர். 1930ஆம் ஆண்டிலே தயாரிப்பாளர்கள் அதனை ஏற்றனரேனும், நான்காண்டுகள் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1934ஆம் ஆண்டில் ஜோசெப் பிறீன் என்பவரின் கீழ்த் தனியொரு பணிமனை அமைந்த பின்னரே அதற்குப் பல் முளைத்தது. அப்பணிமனையின் முத்திரை பெறாத படத்தைத் திரையிடும் உறுப்பு நிறுவனம் 25,000 டொலர் தண்டம் இறுக்க வேண்டியதாயிற்று.

இது அரசாங்கத்தின் தணிக்கை அன்று. தொழிலதிபர்கள் தாமே தமக்கு இட்டுக்கொண்ட விலங்கு. அதற்கும் ஒரு காரணம் உண்டு. திரைப்படம் வெறும் வாணிகமே, பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று 1915ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே மாநிலந்தோறும் நகரந்தோறும் தணிக்கைச் சபைகள் முளைத்து, ஒரே படத்தைத் தத்தமக்கு வேண்டியவாறு வெட்டின. அயலார் வெட்டுவதினும் தாமே வெட்டிக்கொள்வது இலாபம் எனத் தயாரிப்பாளர் கருதினர்.

அவ்விதிநூல் பிறன்மனை நயத்தலைப் பற்றிக் கூறியது சுவையானது. அப்பொருளை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். கதைக்கு இன்றியமையாததாயின், அதனை நியாயப்படுத்துவதோ கவர்ச்சியாகக் காட்டுவதோ கூடாது. நகைச்சுவைக்கோ அது ஒருபோதும் ஏற்ற பொருளன்று என்பது அதன் கொள்கை. இதன் பயன் யாதாயிற்று? 1944ஆம் ஆண்டிலே 'டபிள் இன்டெம்னிற்றி' என்னும் படம் வெளிவந்தது. அதிலே மணமான பெண்ணொருத்தியும் காப்புறுதி முகவன் ஒருவனும் கூடிச் சதிசெய்து அவள் கணவனைக் கொல்கின்றனர். ஈற்றில் இருவரும் அழிகின்றனர். இதற்கு முத்திரை கிடைத்தது. பாவஞ் செய்தோர் சாகலாம். ஆனால் பாவஞ் செய்தோரைப் பார்த்து எவரும் சிரித்தல் ஆகாது! கொலையோடு கூடிய பிழைக்கு இடமளித்த விதிநூல், கூச்சத்தோடு கூடிய பிழைக்கு இடமளிக்கவில்லை.

அந்தக் கொலைப் படத்தை நெறிப்படுத்திய பில்லி வைல்டரே ஷேர்மனின் கதையையும் திரைக்குக் கொணர முன்வந்தார். 1906ஆம் ஆண்டில், அப்போது ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குட்பட்டிருந்த சூஹா என்னும் ஊரிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, வியன்னாவிலும் பேர்லினிலும் செய்தியாளராக விளங்கி, 1933ஆம் ஆண்டில் ஹிற்லர் ஆட்சிக்கு அஞ்சி நாடு நீங்கியவர் அவர். மனிதரின் வேடங்களைக் கலைத்துப் பார்ப்பதிலே அவருக்கிருந்த ஆர்வம், இவ்வாழ்க்கையின் வழியே வந்தது எனலாம்.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, திரைப்படமும் கருத்துரைக்கும் சாதனமே, அதற்கும் அரசியலமைப்பின் காவல் உண்டு என்று அறிவித்தது. 1953ஆம் ஆண்டில் ஒட்டோ பிறெமிஞ்சர் என்னும் நெறியாளர், 'மூன் இஸ் புளூ' என்னும் இன்பியற் படத்தை முத்திரையின்றியே வெளியிட்டு இலாபமும் கண்டார். கின்சி என்னும் விலங்கியற் பேராசிரியர் 1948ஆம் ஆண்டிலும் 1953ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வு நூல்கள், அமெரிக்க இல்லங்களிலே வாயிற் கதவுக்குப் பின்னே நிகழ்வதும் மேடையிலே போதிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதைப் பகிரங்கமாக்கின. எனினும் பெரிய நிறுவனமாகிய 'ருவென்ரியெத் செஞ்சுரி பொக்ஸ்' முத்திரையின்றிப் படம் வெளியிட முன்வரவில்லை. கதை வளைந்தது. மேடையிலே வழுவிய கணவன் திரையிலே கற்பனையில் மட்டுமே வழுவலானான்.

வைல்டர் இறுதிவரை ஒரு சிறு குறிப்புக்காகவேனும் போராடினார். வீட்டைத் துப்புரவாக்கும் பணிப்பெண் படுக்கையிலிருந்து ஒரு தலைமயிர் ஊசியைக் கண்டெடுப்பதாக ஒரு காட்சி. வேறு சொல் ஒன்றும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். அதுவும் இயலாதாயிற்று. பிற்காலத்தில் அவர் தம் படத்தையே குறைகூறியதில் வியப்பில்லை. கணவன் பிழை செய்யவில்லையெனில் கதையே இல்லை என்பது அவர் கட்சி.

ஆயினும், அந்தத் தடையே படத்துக்கு ஒரு தனிச்சுவையைத் தந்தது என்பதை மறுத்தற்கில்லை. செயலுக்கு இடமில்லாதபோது கற்பனை பெருகிற்று. ஷேர்மன் ரக்மனினோவின் இரண்டாம் பியானோ இசைக்கோவையை வாசிக்க, புலிவரி ஆடை பூண்ட அழகி இசையில் உருகி அவன் தோளிற் சாய்வதாகக் கனவு விரிகிறது. நனவிலோ அவள் வந்து, சிறுபிள்ளைகள் இரு விரலால் தட்டும் எளிய மெட்டைக் கேட்டே மகிழ்கிறாள். கனவிலே அவன் மேதை. நனவிலே நாற்காலியிலிருந்து தவறி விழுபவன். அவன் பணிபுரியும் பதிப்பகமும் இதே தொழிலைத்தான் செய்கிறது. சிறுமியர் விரும்பிப் படிக்கும் 'லிற்றில் வுமன்' என்னும் நற்கதைக்கு, மகளிர் விடுதியின் இரகசியங்கள் என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டிக் கவர்ச்சி அட்டையோடு விற்க முனைகிறது.

இதுவும் வெறுங் கேலியன்று. 1939ஆம் ஆண்டில் 25 சதத்துக்குச் சட்டைப்பை நூல்கள் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தபின், மருந்துக் கடையிலும் புகையிரத நிலையத்திலும் நூல்கள் குவிந்தன. அவற்றின் அட்டைப்படங்கள் அளவுகடந்தன என்னும் முறைப்பாட்டினால், 1952ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு விசாரணைக் குழுவையே அமைத்தது. உள்ளே நல்ல கதை, வெளியே பொய்யான ஆசை! ஷேர்மனின் வாழ்வும் அப்புத்தகம் போன்றதே. உள்ளே இருப்பவன் மனைவியை நேசிக்கும் எளிய கணவன். அட்டையிலே மட்டும் அவன் ஒரு காதல் மன்னன்.

மேல்மாடிப் பெண்ணாக நடிக்க வந்தவர் மரிலின் மன்றோ. மேடையிலும் திரையிலும் அப்பெண்ணுக்குப் பெயர் இல்லை; 'பெண்' என்பதே அவள் பெயர். கனவு காண்பவனுக்குக் கனவின் பொருளுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை போலும். ஆயினும் படத்தின் ஈற்றிலே அப்பெயரில்லாப் பெண்ணே நெஞ்சைத் தொடும் ஒரு கருத்தை உரைக்கிறாள். விருந்திலே மார்தட்டி நிற்கும் அழகனை எந்தப் பெண்ணும் பெரிதாக மதிப்பதில்லை. மூலையிலே கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் பரிவுள்ள மனிதனையே மதிக்கிறாள் என்பது அவள் கூற்றின் சாரம். கற்பனையால் அலைக்கழிந்த ஷேர்மனை மனைவியிடம் திருப்பி அனுப்புவது விதிநூல் அன்று, அப்பெண்ணின் பரிவே. மகன் மறந்து சென்ற படகுத் துடுப்பைக் கையிலேந்தி, காலணியையும் மறந்து அவன் மனைவியிருக்கும் ஊரை நோக்கி ஓட, மேல்மாடிச் சாளரத்தினின்று அவள் காலணியை எறிகிறாள்.

திரையிலே கணவனொருவனின் இல்லறம் இவ்வாறு காக்கப்பட்டது. படப்பிடிப்பு நடந்த தெருவிலோ வேறோர் இல்லறம் குலைந்தது. மரிலின் மன்றோ, 1954ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி பேஸ்போல் ஆட்டத்தின் பெருவீரரான ஜோ டிமாஜியோவை மணந்திருந்தார். அவ்வாண்டு செப்ரெம்பர் 15ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், லெக்சிங்டன் அவெனியுவிலே 52ஆம் வீதியை அண்மிய ஓர் அரங்கின் முன்னே ஒரு காட்சி படமாக்கப்பட்டது. நிலத்தடிப் புகையிரதத்தின் காற்று நடைபாதைக் கம்பிவழி எழ, கோடை வெப்பத்திலே அப்பெண் அக்காற்றை அனுபவித்து நிற்பதே காட்சி. அவரது வெண்ணிற ஆடை காற்றிலே மேலெழுந்தது. திரண்டிருந்த பல்லாயிரவர் ஒவ்வொரு முறையும் ஆரவாரித்தனர். புகைப்படக்காரரின் ஒளிவிளக்குகள் மின்னின. அக்கூட்டத்திலே கணவரும் நின்றார். அடுத்த மாதத்திலேயே மன்றோ மணவிலக்குக் கோரி நீதிமன்றம் ஏறினார். அம்மணம் ஓராண்டையும் நிறைக்கவில்லை. அதற்கு அவ்வொரு காட்சியே காரணம் எனல் பொருந்தாது. எனினும் மனைவி உலகின் கனவுப் பொருளாவதை ஒரு கணவர் கண்ணாற் கண்ட இரவு அது.

இதிலே மற்றொரு விசித்திரமும் உண்டு. அன்றிரவு எடுத்த படச்சுருள் கூட்டத்தின் பேரிரைச்சலால் பெரிதும் பயன்படாது போக, காட்சி ஹொலிவூட் படப்பிடிப்புக் கூடத்திலே மீண்டும் எடுக்கப்பட்டது. உலகெங்கும் மக்கள் நினைவிலே நிற்கும் அந்த முழுவுருவத் தோற்றம் திரைப்படத்திலே அவ்வாறு காணப்படுவதில்லை. படத்திலே தோன்றுவது துண்டு துண்டான அடக்கமான காட்சிகளே. நினைவிலே நிற்பது தெருவில் எடுத்த விளம்பரப் புகைப்படம். ஷேர்மன் மட்டுமன்று, உலகமே தான் காணாத ஒன்றைக் கண்டதாகக் கற்பித்துக்கொண்டது.

படம் 1955ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்து பெருவெற்றி கண்டது. அப்போதும் நாடகம் மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்திலே மன்றோவின் உருவம் 52 அடி உயரத்துக்கு நிறுத்தப்பட்டது. ஆனால் அவரோ படப்பிடிப்பு முடிந்ததும் ஹொலிவூட்டை விட்டு நியூயோர்க் சென்று, தம் பெயரிலேயே ஒரு படநிறுவனம் தொடங்கி, நடிப்புக் கலையைப் புதிதாகப் பயிலத் தொடங்கியிருந்தார். பெயரில்லாப் பெண்ணாக நடித்தவர் தமக்கென ஒரு பெயரை நாடிய முயற்சி அது. 1962ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், 36ஆம் வயதிலே, அளவுகடந்த தூக்க மருந்தினால் அவர் மறைந்தார். அவரது கல்லறைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தவறாது மலர் அனுப்பி வந்தவர் டிமாஜியோ.

வைல்டரும் அக்கதையை விட்டபாடில்லை. 1960ஆம் ஆண்டிலே 'அப்பார்ட்மென்ற்' என்னும் படத்தை அவர் அளித்தார். மணமான அதிகாரிகள் தம் கள்ளக் காதலுக்கு ஏழை எழுதுவினைஞன் ஒருவனின் வீட்டை இரவல் கேட்பதே அதன் கதை. விதிநூல் அதற்குள் தளர்ந்துவிட்டது. பிழையைப் பிழையாகவே காட்ட அவரால் இயன்றது. இங்கே ஆசைக்குள்ளான பெண் பெயரற்றவள் அல்லள். அவள் பெயர் பிரான் கியூபெலிக். மின்தூக்கி இயக்கும் தொழிலாளி. மேலதிகாரியொருவனின் பொய்யை நம்பி ஏமாந்து, தூக்க மாத்திரைகளை விழுங்குகிறாள். அயலவரின் அன்பினால் உயிர் பிழைக்கிறாள். அதிகாரிகளில் ஒருவன் மன்றோவைப் போன்ற பெண்ணொருத்தியைக் கூட்டிவருவதாகவும் ஒரு காட்சி உண்டு. ஐந்தாண்டுக்கு முந்திய தம் படத்தையே வைல்டர் திரும்பிப் பார்த்த பார்வை அது. சிறந்த படம் என்னும் விருது உட்பட ஐந்து ஒஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன. 1968ஆம் ஆண்டு நவம்பரிலே விதிநூலே நீக்கப்பட்டு, பார்ப்போரின் வயதுக்கேற்பப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். விதிநூலை வகுத்தோர் தீய எண்ணமுடையோர் அல்லர்; குடும்பத்தைக் காத்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அவர்கள் காவல் செய்தது செயலை மட்டுமே. செயலை மறைத்தபோது, அதன் விளைவும் மறைந்தது. வழுவிய கணவனின் வேதனையும், ஏமாந்த பெண்ணின் கண்ணீரும் திரையினின்று நீங்கின. எஞ்சியது இனிய கனவொன்றே. அக்கனவுக்கு முத்திரையும் கிடைத்தது, 52 அடி உயரமும் கிடைத்தது. 2011ஆம் ஆண்டில் அந்த வெண்ணிற ஆடை 46 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. அதே ஆண்டில், 26 அடி உயரச் சிலையொன்று சிக்காகோ நகரிலே அதே தோற்றத்தில் எழுந்தது. கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரிலே 2021ஆம் ஆண்டில் அச்சிலையை மீண்டும் நிறுவ முயன்றபோது, இது அவ்வம்மையாருக்குச் செய்யும் சிறப்பா, இழிவா என்று ஊரவர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். கனவு கண்டோர் பலர் மறைந்தனர். கனவு மட்டும் கல்லினும் உருக்கினும் உறுதியாய் நிற்கிறது.

கற்பனை மனிதர்க்குக் கிடைத்த கொடை. அதனைச் சட்டத்தாற் கட்டுதல் அரிது. ஆயின் கற்பனையிலே உலவும் உருவத்துக்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு வாழ்வு உண்டு என்பதை நினைவுறுத்துவது கலையின் கடமை. ஷேர்மனின் கதை அக்கடமையின் பாதி வழி சென்றது. கியூபெலிக்கின் கதை மீதி வழியையும் நடந்தது. துடுப்பை ஏந்தி வெறுங்காலோடு மனைவியிடம் ஓடிய அக்கணவனைக் கண்டு நகைப்போர், சாளரத்திலே காலணியோடு நின்ற பெயரில்லாப் பெண்ணையும் ஒருகணம் நினைப்பாராயின், அந்நகைச்சுவை தன் முழுப்பயனையும் தந்ததாகும்.